ஈரக் கையில் நழுவாத மடக்குக் கத்தி

மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்ப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தபோது, தேங்காய்த் தண்ணீர் பட்டு நனைந்த கையோடு ரஃபியா என்ற பிளாஸ்டிக் கயிற்றின் முடிச்சில் கத்தி நுனியை விட்டுக் குத்தியிருக்கிறார். கை நழுவி, ஆள்காட்டி விரலில் மூன்று தையல். “இனிமேல் வாங்கினால் பிடி நல்லா சொரசொரப்பா இருக்கிற மடக்குக் கத்தியாத்தான் வாங்கணும். ஜி-10 நல்லதா, மைக்கார்ட்டா நல்லதா, ரப்பர் நல்லதா?” என்பது அவர் கேள்வி.

தம்பி, முதலில் விரலைப் பார்ப்போம். விரலின் இரண்டு பக்கமும் உணர்ச்சி நரம்பு ஓடுகிறது. தையல் பிரித்த பிறகும் நுனி மரத்துப்போன மாதிரி இருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள். கத்தி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டிருப்பது பிடி செய்யும் மூன்று பொருள்களின் பெயர். அந்தப் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் இதே விரலை இன்னொரு தடவை வெட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நான் ஜார்ஜ் டவுனில் பந்தலும் தோரணமும் கட்டத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மடக்குக் கத்தி இல்லாமல் வேலைக்குப் போன நாள் கிடையாது. இத்தனை வருடத்தில் கை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: கையை நிறுத்துவது பிடியின் வடிவம், சொரசொரப்பு அதற்குத் துணை. வடிவம் சரியாக இருந்தால் வழவழப்பான பிடியோடுகூடச் சமாளித்துவிடலாம். வடிவம் தப்பாக இருந்தால் உப்புத்தாளைச் சுற்றி வைத்தாலும் ஒருநாள் கை ஓடிவிடும்.

உங்களுக்கு நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். நுனி முடிச்சில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. பிடியின் மேல் முன்னால் ஓடி, அலகின் வாயில் போய் விழுந்தது. அந்த நேரத்தில் ஆள்காட்டி விரலுக்கு முன்னால் ஒரு மேடோ தடுப்போ இருந்திருந்தால் விரல் அங்கேயே முட்டி நின்றிருக்கும். உங்கள் கத்தியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு ரூலர் மாதிரி நேராக இருக்கும், முன்பக்கம் ஒரு வளைவும் இருக்காது என்று நினைக்கிறேன். சரியா?

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர்ப்பக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு கத்தி வாங்கினேன். பளபளவென்று வார்னிஷ் போட்ட மாதிரி பிடி, பார்க்க அழகாக இருக்கும். ஒரு கல்யாண வீட்டு வாசலில் வாழைமரத்தின் அடிச்சருகை உரித்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க வாழைச்சாறு. அலகைப் பட்டையில் ஆழமாக இறக்கி என் பக்கம் வேகமாக இழுத்தேன். கை மட்டும் என்னோடு வந்தது, கத்தி பட்டையிலேயே நின்றுவிட்டு, அப்புறம் கழன்று விழுந்து சிமெண்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு போனது. போய் நின்ற இடம், அங்கே உட்கார்ந்து மாவிலை கோத்துக்கொண்டிருந்த ஒரு பையனின் வெறுங்காலுக்குப் பக்கத்தில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கத்தியை நான் அதற்கப்புறம் மடக்கி வைத்தவன் திரும்ப விரிக்கவில்லை. அந்தப் பிடியின் வால்பக்கம் சுண்டுவிரல் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியும் இல்லை, ஒரு அகலமும் இல்லை. எல்லா இடமும் ஒரே தடிமன்.

ஆக, கத்தி கையில் ஓடக்கூடிய பக்கங்கள் சில உண்டு. குத்தும்போதும் தள்ளி அறுக்கும்போதும் கை முன்னால் ஓடும். இழுத்து அறுக்கும்போது கத்தி கையைவிட்டு வெளியே போகப் பார்க்கும். கடினமான பொருளில் அலகு கொஞ்சம் சாய்ந்தாலும் பிடி உள்ளங்கைக்குள் உருளும். ஒவ்வொன்றுக்கும் பிடியில் வேறு வேறு பதில் இருக்க வேண்டும். முன்னால் ஓடுவதற்கு ஆள்காட்டி விரல் பள்ளமும் அதற்கு முன்னால் ஒரு மேடும். வெளியே நழுவுவதற்கு வால்பக்கம் கீழ்நோக்கி வளைந்த மூக்கு, இல்லாவிட்டால் விரிந்துபோகும் அகலம். உருள்வதற்கு முட்டை வடிவக் குறுக்குவெட்டு. வட்டமான கம்பு கையில் சுழலும். கோடாலிக் காம்பு ஏன் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள், அதே காரணம்தான்.

இதை வைத்துக்கொண்டு பெயர்பெற்ற சில கத்திகளைப் பாருங்கள், விஷயம் தெளிவாகிவிடும். பிரான்சின் ஓப்பினெல் 1890-இலிருந்து வருகிறது. மரப்பிடி, பெரும்பாலும் பீச் மரம். எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர். பிடியின் நடுவில் வயிறு, வால்பக்கம் மீன்வால் மாதிரி ஒரு விரிவு. அதனால் இழுத்து அறுக்க அது அருமையாக இருக்கும், உள்ளங்கை அந்த வயிற்றில் நிறைந்து உட்காரும். ஆனால் முன்பக்கம் தடுப்பு என்று எதுவும் கிடையாது. 1955-இல் வந்த அதன் பூட்டு வளையம் அலகு மடங்காமல் காக்கும், விரல் முன்னால் ஓடுவதை நிறுத்தாது. அந்தக் கத்தியால் முடிச்சைக் குத்தக் கூடாது. பழம் நறுக்கலாம், கயிற்றை இழுத்து அறுக்கலாம், குச்சி சீவலாம். இன்னொன்று, பீச் மரம் ஈரத்தில் ஊதும். பினாங்கு மழைக்காலத்தில் அலகு இறுகிக்கொண்டு திறக்க மறுப்பது அந்த மரத்தின் இயல்பு.

அமெரிக்காவின் பக் 110 வேறு பாடம் சொல்லும். 1964-இல் வந்த கத்தி. பித்தளை முனைகள், நடுவில் வழவழப்பான மரம். சொரசொரப்பு என்று விரலில் தட்டுப்பட ஒன்றும் இருக்காது. ஆனாலும் வேட்டைக்காரர்கள் அதை வைத்துத்தான் மான் உரித்தார்கள். பிடி முழுக்க ஒரு வில் மாதிரி வளைந்திருப்பதும், முன்பக்கப் பித்தளை விரலுக்குக் கீழே இறங்கி நிற்பதும் அதற்கு முக்கியக் காரணம். எடை 200 கிராமுக்கு மேல் தொங்கும், அது தனிக் குறை.

சுவிஸ் கத்தி எல்லோர் வீட்டிலும் இருக்கும். விக்டோரினாக்ஸின் அந்தச் சிவப்புப் பிடி வழவழப்பான பிளாஸ்டிக். அலகுக்கு லாக் இல்லை, முன்தடுப்பும் இல்லை. அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். விரல் நுனிகளில் பிடித்துச் செய்யும் சின்ன வேலைக்காகச் செய்தது அது. அதே நிறுவனத்தில் அலாக்ஸ் என்று அலுமினியப் பிடி போட்ட வரிசை உண்டு. அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாக அழுத்தி எடுத்திருப்பார்கள், ஈரக் கையில் வித்தியாசம் உடனே தெரியும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

தோல் ஒரு விசித்திரமான பொருள். ரொம்பக் காய்ந்த விரலைவிட லேசாக ஈரம் கசிந்த விரலுக்குப் பிடிமானம் அதிகம். நோட்டு எண்ணும்போது விரலை நனைத்துக்கொள்கிறோம் இல்லையா? ஆனால் ஈரம் கூடிப்போய், தோலுக்கும் பிடிக்கும் நடுவில் தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. சொரசொரப்பின் வேலை அந்தப் படலத்தை உடைப்பது. பள்ளங்கள் தண்ணீர் ஒதுங்க இடம் கொடுக்கின்றன, மேடுகள் தோலைத் தொடுகின்றன. மோட்டார் சைக்கிள் டயரில் இருக்கும் வெட்டுகள் செய்யும் அதே வேலை. எண்ணெயும் கொழுப்பும் இன்னும் கெட்டி. தண்ணீர் மாதிரி சீக்கிரம் ஒதுங்காது, நுணுக்கமான சொரசொரப்பை நிரப்பி மூடிவிடும். கோழி வெட்டிய கை, டுரியான் சுளை எடுத்த கை, தேங்காய்ப்பால் பட்ட கை இதெல்லாம் இந்த ரகம். அங்கே ஆழமான வெட்டும் கூரான விளிம்பும் உள்ள பிடிதான் வேலை செய்யும். அதுவும் போதாமல் போகும்போது வடிவம்தான் காப்பாற்றும்.

ஜி-10 என்பது கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி பசையில் அடுக்கி அழுத்திச் செய்த தகடு. தண்ணீரை உறிஞ்சாது, வளையாது, நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அசையாது. ஆனால் ‘ஜி-10 சொரசொரப்பாக இருக்கும்’ என்று சொல்வது பாதிதான் உண்மை. தொழிற்சாலையில் எப்படிக் கடைந்தார்களோ அப்படித்தான் இருக்கும். மெருகு போட்ட ஜி-10 கண்ணாடி மாதிரி வழுக்கும். முரட்டு ஜி-10 கால்சட்டைப் பையின் ஓரத்தை இரண்டே மாதத்தில் தின்றுவிடும், உள்ளங்கையையும் உரிக்கும். மைக்கார்ட்டா அதே மாதிரி அடுக்குத்தான், ஆனால் உள்ளே இருப்பது பருத்தித் துணியோ லினனோ காகிதமோ, பசை பினாலிக். மெருகு போடாத துணி மைக்கார்ட்டாவின் மேற்பரப்பில் இழை கொஞ்சம் வெளியே நிற்கும். ஈரம் பட்டால் அந்த இழை ஊறிப் பிடிமானம் கூடும். காய்ந்த கையில் அது மெத்தென்று இருக்கும், நனைந்த கையில்தான் அதன் அருமை தெரியும். நாளாக நாளாகக் கை எண்ணெய் ஏறிக் கறுக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும், திரும்ப உயிர் வரும். வியர்க்கிற கைக்கு, பினாங்கு மாதிரி ஊருக்கு, எனக்குப் பிடித்தது இதுதான்.

ரப்பர் முதல் வருடம் சொர்க்கம். அதற்கப்புறம் வெயிலும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து சில ரப்பர் பிடிகளைப் பிசுபிசுப்பாக்கிவிடும். கொசுத் தைலம் பூசிய கையோடு தொடாதீர்கள். அதில் இருக்கும் டீட் என்ற மருந்து சில வகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வேலைக்கு அது பொருத்தம். கண்ணாடி இழை கலந்த நைலான் பிடி. சுருக்கமாக எஃப்.ஆர்.என். என்பார்கள். அச்சில் வார்ப்பதால் என்ன வடிவம் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், எடையும் குறைவு. ஸ்பைடர்கோ நிறுவனத்தின் டெலிகா கத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேற்பரப்பில் இருக்கும் சின்னக் கட்டங்கள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும். தள்ளினாலும் ஒரு வரிசை விரலைப் பிடிக்கும், இழுத்தாலும் இன்னொரு வரிசை பிடிக்கும். பையில் போட்டு எடுக்கும்போது துணியை அரிக்காது. எடை சுமார் 70 கிராம்தான். சொரசொரப்பு என்றால் முரட்டுத்தனம் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் காட்டுவேன். சாய்வின் திசையை யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

நான்கு விரலுக்கும் நான்கு பள்ளம் வெட்டிய பிடிகள் கடையில் கண்ணைக் கவரும். வாங்காதீர்கள். அந்தப் பள்ளங்கள் யாரோ ஒருவரின் கைக்கு வெட்டியவை. உங்கள் விரல் மேட்டின் மேல் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எலும்பு வலிக்கும். பிடியை மாற்றிப் பிடிக்கவும் முடியாது. ஆள்காட்டி விரலுக்கு ஒரு பள்ளம் போதும்.

தடிமன் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய கத்தி பையில் இருப்பதே தெரியாது, அதனால் எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் வேலை செய்யும்போது அதே அழுத்தம் சின்ன இடத்தில் விழுகிறது, மெல்லிய பிடி கையில் ஒரு கோடாக வெட்டும். பத்து மில்லிமீட்டர் தடிமனில் தென்னங்குருத்து ஒரு கட்டு கிழித்துப் பாருங்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கொப்புளம் வந்துவிடும். பதின்மூன்று, பதினான்கு மில்லிமீட்டரும் ஓரமெல்லாம் உருட்டியும் இருந்தால் கை நாள் முழுக்கத் தாங்கும். நீளம், உங்கள் நான்கு விரலும் சேர்ந்த அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக இருந்தால் சரி.

பையில் மாட்டிக்கொள்ளப் பிடியில் வைத்திருக்கும் கிளிப்பைப் பலரும் கவனிப்பதில்லை. கடையில் இரண்டு தடவை விரித்து மூடும்போது அது உறுத்தாது. இறுக்கிப் பிடித்து இருபது வெட்டு வெட்டினால் மோதிர விரலின் அடியில் அது ஒரு தகடாக அழுத்துவது தெரியும். திருகைக் கழற்றிக் கிளிப்பை எடுத்துவிட்டு ஒரு நாள் வேலை செய்து பாருங்கள், பாதிக் கத்திகள் அப்போதுதான் கைக்குள் அடங்கும். அலகின் முதுகில் கட்டைவிரலுக்காக வெட்டியிருக்கும் பற்களும் அப்படித்தான். நுனி கூராக இருந்தால் கட்டைவிரல் தோல் போய்விடும். ஒரு சின்ன அரத்தால் நாலு தேய்ப்பு தேய்த்தால் போதும்.

லாக்கும் பிடியோடு சேர்ந்த விஷயம்தான். முதுகுப்பக்கம் அழுத்தித் திறக்கும் பேக்லாக் வகையில், ரொம்ப இறுக்கிப் பிடிக்கும் கையின் சதை அந்த விசையை அழுத்திவிடும் ஆபத்து உண்டு. டேவிட் பாய் என்ற அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் அந்த விசையில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டினார். சதை உள்ளே போக இடம் கிடைத்துவிட்டதால் விசை அமுங்காது. இரண்டு மில்லிமீட்டர் விஷயம், ஒரு விரலைக் காப்பாற்றும். டெலிகாவிலும் அந்தப் பள்ளம் இருக்கும், முதுகைத் தடவிப் பாருங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது? நான் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டுபோவேன். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் மறுத்ததில்லை, துடைத்துக் கொடுத்துவிடுவேன். கத்தியை மடக்கியே வைத்துக்கொள்ளுங்கள். கையில் சோப்புத் தண்ணீர் தடவி, பிடியைச் சாதாரணமாகப் பிடித்து, இன்னொரு கையால் தலைப்பக்கத்தைப் பிடித்துத் தள்ளுங்கள், இழுங்கள், திருகுங்கள். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் அந்தக் கத்தியின் பலவீனம். இறுக்கிப் பிடித்துச் சோதிக்காதீர்கள். மாலை ஆறு மணிக்குக் களைத்த கை இறுக்கிப் பிடிக்காது.

இருக்கிற கத்தியைத் தூக்கிப் போட மனமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. தெலுக் பாஹாங்கில் மீன் பிடிக்கும் ஒரு மலாய்ப் பெரியவர் எனக்குக் காட்டியது. பழைய சைக்கிள் டியூபில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அலகு மடங்கும் பிளவை மறைக்காதபடி அடிப்பக்கம் கீறி, பிடியின் இரண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருந்தார். “லிச்சின்”, வழுக்கும் என்று மலாயில் சொல்லிக்கொண்டே பழைய வழவழப்பான இடத்தைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் மீன் சளி படிந்த கையாலேயே கத்தியை என்னிடம் நீட்டினார். நழுவவில்லை. ஸ்கேட்போர்டில் ஒட்டும் சொரசொரப்பு டேப்பும் இதற்கு நன்றாக இருக்கும். முரட்டு ஜி-10 கையை உரிக்கிறது என்றால் 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், கிளிப்புக்கு அடியில் மட்டும் தேய்த்தாலே பை பிழைக்கும். காய்ந்தபடி தேய்க்காதீர்கள், அந்தத் தூள் கண்ணாடி இழை, நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் தடவலாம். தடவிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துப் போடுங்கள்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் அரிக்கும், வெடிக்கும் பொருள்கள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் இருக்கிறது. முறையான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு. பந்தல் வேலை செய்யும்போது கத்திக்குக் காரணம் இருக்கிறது. வேலை முடிந்து ரதம் பார்க்கக் கூட்டத்துக்குள் போகும்போது அதைக் கருவிப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். கிளிப் வெளியே தெரிய இடுப்பில் மாட்டிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு ஏற வேண்டாம். பட்டனை அமுக்கினால் தானாகப் பாயும் கத்திகளை வாங்கவே வேண்டாம்.

சரி, உங்களுக்கு நான் சொல்வது: நைலான் பிடியோ மெருகு போடாத மைக்கார்ட்டாவோ, ஆள்காட்டி விரலுக்கு முன்னால் தெளிவான மேடு, வால்பக்கம் சின்ன வளைவு, ஏழு எட்டு சென்டிமீட்டர் அலகு. ரஃபியா மட்டும்தான் அதிகம் அறுப்பீர்கள் என்றால் பல் வைத்த அலகு எடுங்கள். ரஃபியா வழுக்கும் பிளாஸ்டிக், நேர் அலகு மழுங்கியிருந்தால் அதன் மேல் சறுக்கும், நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள், அங்கேதான் கை ஓடத் தொடங்கும். முடிச்சைக் குத்தி அவிழ்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். முடிச்சுக்குப் பக்கத்தில் கயிற்றை வளையமாகத் தூக்கி, அலகை வளையத்துக்குள் விட்டு, உடம்பை விட்டு வெளிப்பக்கமாக அறுங்கள். ரஃபியா மலிவுதான், முடிச்சை அப்படியே வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கயிறு கட்டலாம்.